தேடிக் கொடுக்கிற டாக்டர்

காணாமல் போன மாட்டைத் தேடுகிறவர்கள் எல்லோரும் முதலில் பள்ளத்தில்தான் இறங்குகிறார்கள். அது தப்பு. பள்ளத்தில் தண்ணீர் இருக்கும், புல் இருக்கும், அங்கேதான் போயிருக்கும் என்று நினைப்பது மனுஷ புத்தி. வழி தவறிய மாடு மேட்டைப் பார்த்து ஏறும். ஏறி நின்றால் ஊர் தெரியும் என்கிற நினைப்போ என்னவோ, நான் மாட்டைக் கேட்டதில்லை. ஆனால் ஐந்து வருஷத்தில் நாற்பதுக்கு மேல் கண்டுபிடித்திருக்கிறேன். அதில் முப்பதுக்குக் குறையாமல் மேட்டில்தான் நின்றுகொண்டிருந்தன. மீதி, நான் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திய இடத்தில் நின்றன. அதற்கு வருகிறேன்.

எழுதுகிற ஏட்டையா மெதுவாகவே எழுதட்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஆரம்பத்திலிருந்து சொல் என்றீர்கள், அதனால்தான் மாட்டிலிருந்து தொடங்கினேன். டீ நன்றாக இருக்கிறது. மலையில் வெறும் வெல்லக் காப்பிதான் கிடைக்கும்.

என் பெயர் தயாளன். சொந்த ஊர் கண்ணமங்கலம். எழுபத்தாறாம் வருஷம் ஜவ்வாது மலையில் நாவல்மரத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குக் கம்பவுண்டராகப் போட்டார்கள். ஆஸ்பத்திரி என்றால் ஓடு போட்ட ஓர் அறை, ஓர் அலமாரி, மாட்டை நிறுத்திக் கட்ட வாசலில் ஒரு மரச்சட்டம். டாக்டர் மாதம் ஒருமுறை கீழேயிருந்து வர வேண்டும். மழை பெய்தால் வரமாட்டார். பெய்யாவிட்டால், பெய்யும் என்று வரமாட்டார். ஆகவே ஊரார் என்னையே டாக்டர் சார் என்று கூப்பிட்டார்கள். நானும் திருத்தவில்லை. கூப்பிடுகிறவர்களுக்கும் அது ஒரு ஆறுதல்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கேட்கும்படி இருக்க வேண்டாம். மற்றவர்களுக்கு வருகிற சந்தோஷமும் துக்கமும் எனக்கு வெளியிலிருந்துதான் தெரியும், கொட்டகையில் உட்கார்ந்து படம் பார்ப்பது மாதிரி. அம்மா செத்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பெரியம்மா எப்படி அழுகிறாள் என்று பார்த்து, அதே மாதிரி தோளைக் குலுக்கினேன். பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று எல்லோரும் சொன்னார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. பெரியம்மா அன்றிலிருந்து என்மேல் கூடுதலாகப் பிரியமாக இருந்தாள்.

மலைக்கு வந்த இரண்டாம் மாதம் ரங்கன் என்கிற குடியானவன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்கார்ந்தான். அவனுடைய சினைப்பசுவைக் காணவில்லை.

"மூணு நாளா தேடறேன் சார். சிறுத்த அடிச்சிருந்தா எலும்பாவது கெடைக்கணும் இல்ல" என்றான்.

போன ஈற்றுக்கு எங்கே கன்று போட்டது என்று கேட்டேன். மேட்டுக் கொல்லைக்கும் மேலே, ஒரு புளியமரத்தடியில் என்றான். போனோம். பசு அங்கேதான் நின்றது, காலடியில் ஈரம் காயாத கன்றோடு. ரங்கன் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான், பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஊருக்குள் இறங்கும்போது பத்துப் பேர் எங்களோடு நடந்தார்கள். ஒருத்தி சாமைச் சோறும் தேனும் கொண்டுவந்து வைத்தாள். அந்த அரை மணி நேரம் எனக்கு உடம்பெல்லாம் கதகதவென்று இருந்தது. படம் பார்த்துக்கொண்டிருந்தவனைப் பிடித்துத் திரைக்குள் இழுத்துவிட்ட மாதிரி.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஒருவனுடைய கொடுவாள், ஒருத்தியின் மூக்குத்தி, விதைச் சாமை கட்டிவைத்த மூட்டை, எருமைக் கன்று. எனக்கு மந்திரம் தெரியும் என்று பக்கத்து ஊர்களில் பேசிக்கொண்டார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. தொலைத்தவர்கள் பதற்றத்தில் இருப்பார்கள், எனக்குப் பதற்றம் வராது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கஷ்டம் என்னவென்றால், ஒரு சின்ன ஊரில் பொருள்கள் அவ்வளவு அடிக்கடி தொலைவதில்லை. எழுபத்தெட்டில் நாலு மாதம் யாரும் எதையும் தொலைக்கவில்லை. ஊசி போட்டேன், காயடித்தேன், மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதினேன். மாலையில் ஊரார் என்னைக் கடந்து போனார்கள், கும்பிடு போட்டார்கள், போய்விட்டார்கள். ஒரு நாள் மத்தியானம் ஒருவனுடைய கன்றைக் கொட்டகையிலிருந்து அவிழ்த்து, ஓடையைத் தாண்டி ஒரு மூங்கில் புதருக்குள் கட்டினேன். மறுநாள் கண்டுபிடித்தேன். கன்றுக்குப் புல் போட்டுத்தான் கட்டியிருந்தேன், சொல்லப்போனால் அது வீட்டில் தின்பதைவிட நன்றாகத் தின்றது. இதில் என்ன கெடுதல் என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

சின்னக்குழந்தையின் ஆடு மட்டும் கணக்குத் தப்பிப் போயிற்று. சின்னக்குழந்தை என்பது பெயர்தான், அவளுக்கு ஐம்பது வயது. தனியாக இருப்பவள், ஒரே ஆடு. அதை நான் கட்டிவைத்த அன்றைக்கு வேலூரில் பயிற்சி என்று ஓலை வந்துவிட்டது. மூன்று நாள் கழித்துத் திரும்பினால், தாகத்தில் செத்துக் கிடந்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டு ஊரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதாள். "நீங்க இல்லனா அது இன்னா ஆச்சினே தெரியாம போயிருக்கும் சார்" என்றாள்.

அன்றைக்கு நான் ஒன்று தெரிந்துகொண்டேன். உயிரோடு கிடைத்தால் ஆட்டைக் கட்டிக்கொள்கிறார்கள். செத்துக் கிடைத்தால் கண்டுபிடித்தவனைக் கட்டிக்கொள்கிறார்கள்.

நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். நான் அதை உடனே பயன்படுத்திக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு வருஷம் சும்மாதான் இருந்தேன்.

எண்பதாம் வருஷம் கடுக்காய் பொறுக்கப் போன மங்கம்மாள் வீடு திரும்பவில்லை. இது என் வேலை இல்லை, தானாக நடந்தது. இரண்டு நாள் தேடினார்கள். கையில் கோணி எடுத்துக்கொண்டு போனாளா கூடை எடுத்துக்கொண்டு போனாளா என்று கேட்டேன். கோணி என்றார்கள். கோணி என்றால் நிறையக் கிடைக்கும் இடத்தை மனதில் வைத்துப் போயிருக்கிறாள். தெற்குச் சரிவில் காலை உடைத்துக்கொண்டு கிடந்தாள். டோலி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தோம். ஊர்க்கவுண்டர் தன் தோள் துண்டை எடுத்து எனக்குப் போர்த்தினார். கீழேயிருந்து வந்த உங்கள் எஸ்.ஐ. என் கையைக் குலுக்கினார். பேப்பரில் நாலு வரி வந்தது. மங்கம்மாளின் மருமகள் வசந்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் போட்டாள்.

அதற்குப் பிறகு கன்றுக்குட்டியெல்லாம் சப்பென்று ஆகிவிட்டது. பிரியாணி தின்றவனுக்குப் பழையதை வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. ஒரு வருஷம் பொறுத்தேன். மனுஷர்கள் தாங்களாகக் காணாமல் போவது அபூர்வம், ஐயா.

யாரை என்பதை யோசிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. முதலில் கருப்பனை நினைத்தேன். கருப்பன் ஊரோடு சண்டைக்காரன். வரப்புக்குச் சண்டை, தண்ணீருக்குச் சண்டை, நாய் குரைத்தால் நாயோடு சண்டை. ஆனால் கருப்பன் காணாமல் போனால் ஊரில் ஒருவரும் எழுந்திருக்கமாட்டார்கள், பொங்கல் வைத்தாலும் வைப்பார்கள். எல்லோருக்கும் வேண்டியவனாக இருந்தால்தான் எல்லோரும் தேடுவார்கள். அப்படிப் பார்த்தால் நாவல்மரத்தூரில் ஒரே ஒருவன்தான்.

சக்கரவர்த்திக்கு முப்பது வயது இருக்கும். பெயருக்கு ஏற்ற சொத்து ஒன்றும் இல்லை, இரண்டு ஏக்கர் கொல்லை. யார் வீட்டில் கூரை வேய்ந்தாலும் அவன் மேலே இருப்பான். யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் ஒடுகத்தூர் வரை டோலி தூக்குவான். கல்யாணத்தில் பாடுவான். தினம் சாயங்காலம் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகும்போது, சாப்பிட்டீங்களா டாக்டரே என்று கேட்பான், பதில் சொல்லும்வரை நிற்பான். மற்றவர்கள் நிற்கமாட்டார்கள். எனக்கும் அவனைப் பிடிக்கும். அதனால்தான் அவன்.

திட்டம் போட்டாயா என்று கேட்டீர்கள். இடத்தை முன்பே பார்த்து வைத்திருந்தேன். ஆளை முன்பே தீர்மானித்திருந்தேன். நாள் மட்டும் தானாக அமைந்தது. இதைத் திட்டம் என்று எழுதினால் நான் மறுக்கவில்லை.

ஊருக்கு மேற்கே இரண்டு மைல் தள்ளி ஒரு பெரிய பாறைவெளி இருக்கிறது, நீங்களும் பார்த்தீர்கள். நடுவில் குடம் மாதிரி ஒரு குழி. வாய் குறுகல், உள்ளே அகலம், இரண்டு ஆள் உயரம். அடியில் ஒரு சாண் தண்ணீர் எப்போதும் நிற்கும். உள்ளேயிருந்து கத்தினால் சத்தம் வானத்துக்குத்தான் போகும். போன புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு வேலூரில் மாதக் கூட்டம். சனிக்கிழமை காலை ரோடு முடிகிற இடத்தில் இறங்கி, ஊர்ப்பக்கம் போகாமல் காட்டு வழியாக ஏறினேன். சக்கரவர்த்தி அவன் கொல்லையில் தனியாக இருந்தான். பாறைக்குழியில் ஒரு கன்று விழுந்திருக்கிறது, ஒரு கை கொடு என்றேன். யாருடைய கன்று என்றுகூடக் கேட்கவில்லை. மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு வந்தான்.

மாட்டைப் படுக்கவைக்கிற கயிறு என் பையில் இருந்தது. அதை ஒரு மரத்தில் கட்டி இறங்கினான். கன்று இல்லையே டாக்டரே என்றான். இருட்டில் ஒதுங்கியிருக்கும், பார் என்றேன். அவன் குனிந்தபோது கயிற்றை மேலே இழுத்துக்கொண்டேன். கயிறு இற்றுப்போயிருக்கிறது, உன்னைத் தாங்காது, ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். சரி, பாத்து இறங்குங்க, பாறை வழுக்கும் என்றான்.

நான் அவனைத் தொடவே இல்லை. இதை ஏட்டையா தனி வரியாக எழுதினால் நல்லது.

சாயங்காலம் வரை காட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, பஸ்ஸில் வந்து இறங்கினவர்களோடு கலந்து ஊருக்குள் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாற்பது பேர். திங்கட்கிழமை நூறுக்கு மேல். சுற்று ஊர்களிலிருந்து தீப்பந்தமும் தடியும் நாயும் கொண்டு வந்தார்கள். ஒடுகத்தூர் ஜவுளிக்கடை பாஷா பாய், மலை ஜனங்களுக்கு நாற்பது வருஷமாகத் துணி விற்கிற குடும்பம், ஒரு ஜீப்பில் அரிசியோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் காட்டில் இறங்கினார். யாரை எங்கே அனுப்புவது என்று நான் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டு வைத்திருந்தேன். எல்லோரும் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். மேற்குப் பக்கம் நானே பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். உங்கள் எஸ்.ஐ. வாக்குமூலம் வாங்கினார். சக்கரவர்த்தியைப் பத்து நாளாகப் பார்க்கவே இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது ஒரு அவசரம்தான். ஒரு நாலு நாள் என்று சொல்லியிருந்தாலும் இதே தப்புத்தான்.

அவன் பெண்சாதி நீலாவதி மூன்று நாளும் என் பின்னால்தான் நடந்தாள். அழவில்லை. பேசவும் இல்லை. நான் நின்றால் நின்றாள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை இரவு நல்ல மழை. புதன்கிழமை டி.எஸ்.பி. வந்தார். ஊர், சுற்று ஊர், பாஷா பாய், எஸ்.ஐ., காட்டிலாகாக்காரர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு நான் மேற்கே நடந்தேன். மண்வெட்டி கிடந்த கோணம், அவன் தேன் பார்க்கப் போகிற பழக்கம், பாறைக்கு மேலே காக்கை சுற்றுவது, இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். டி.எஸ்.பி. தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். குழியில் ஆள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. சக்கரவர்த்தி அதில் மிதந்தான்.

அந்த நாளைப் பற்றி நான் என்ன சொன்னாலும் உங்களுக்குப் புரியாது. முந்நூறு பேர். ஆம்பிளைகள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். பாஷா பாய் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், அவர் தாடி என் கழுத்தை நனைத்தது. உடம்பாவது கிடைத்ததே, உங்கள் புண்ணியம் என்றார்கள். ஊர்க்கவுண்டர் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒன்றையும் விட்டுவிடக்கூடாது என்று பார்த்தேன்.

நீலாவதி மட்டும் என்னிடம் வரவில்லை. துக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பது நாள் போயிற்று. பழையபடி ஊசி, ரிப்போர்ட். ஊர் துக்கத்தில் இருந்ததால் யாரும் எதையும் தேடவில்லை, தேடச் சொல்லவும் இல்லை. நானும் சும்மா இருந்தேன். அப்போது ஒரு நாள் காலை பத்து மணிக்கு நீலாவதி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வாசலில் மாடு கொண்டு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"சார், அவரு போறதுக்கு மொத நாளு, வெள்ளிக்கெழம, சந்தைக்குப் போய்ட்டு எனக்குத் தீவாளிக்குனு ஒரு சேல எடுத்திருக்காரு. பாய் சொன்னாரு. வூட்ல எங்கயும் இல்ல. எங்க ஒளிச்சி வெச்சாரோ. நீங்கதான் தேடிக் குடுக்கணும்."

அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் ஏழெட்டுப் பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு புருஷன் கடைசியாக எடுத்த சேலையைப் பெண்சாதி கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

எடுத்த எடுப்பில் போகவில்லை, அவ்வளவு முட்டாள் இல்லை. சந்தையிலிருந்து வருகிற ஒற்றையடிப் பாதையைப் பிடித்து இரண்டு மணி நேரம் சுற்றினேன். ஒரு பலா மரப் பொந்தில் கை விட்டேன். சக்கரவர்த்தியின் கொல்லைக் குடிசையைக் கலைத்துப் பார்த்தேன். பிறகு திடீரென்று தோன்றின மாதிரி நின்று, ஒற்றையறை வீட்டில் பெண்சாதிக்குத் தெரியாமல் ஒளிக்க முடியாது, அவள் காலே வைக்காத இடமாகப் பார்த்துத்தான் வைத்திருப்பான் என்று பின்னால் வந்தவர்களுக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன். நீலாவதி காலே வைக்காத இடம் கருப்பன் கொல்லை. இரண்டு வருஷமாக அந்தக் குடும்பத்தோடு பேச்சு இல்லை. கருப்பன் கொல்லையில் காவல் பரண் ஒன்று உண்டு. ஏறினேன். இடது மூலையில், கூரைக்கும் மூங்கிலுக்கும் நடுவில் கையை விட்டேன்.

ஒன்றும் இல்லை.

இன்னும் உள்ளே விட்டேன். கூரைப் புல்லைப் பிய்த்தேன். அந்த மூலையில் மட்டும் எத்தனை நேரம் தேடினேன் என்று தெரியவில்லை. மற்ற மூன்று மூலையையும் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை, பார்த்திருந்தால் ஒருவேளை நான் இங்கே உட்கார்ந்திருக்கமாட்டேன். கீழே யாரோ இருமினார்கள்.

திரும்பிப் பார்த்தேன். கருப்பன் நின்றான், பக்கத்தில் ஊர்க்கவுண்டர், பாஷா பாய், ரங்கன். நடுவில் நீலாவதி, பச்சை நிறத்தில் மாங்காய்க் கரை போட்ட ஒரு புதுச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு. பரணில் சேலையைக் கண்டெடுத்தவன் கருப்பன். எவனோ தன்னைத் திருடனாக்கப் பார்க்கிறான் என்று சண்டைக்குப் போகிற வேகத்தில், யார் எடுத்தது என்று கேட்க ஒடுகத்தூர் பாய் கடைக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். பாய் பார்த்துவிட்டு, இது சக்கரவர்த்தி எடுத்தது என்றிருக்கிறார். அன்றைக்கே கருப்பன் இரண்டு வருஷத்துச் சண்டையை மறந்து நீலாவதி வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறான். ஊரில் யாருக்கும் வேண்டாதவன் என்று நான் தள்ளி வைத்த ஆள்.

நீலாவதி சத்தம் போடவில்லை.

"வெள்ளிக்கெழம சாயந்தரம் வெச்ச சேல. அவரு சொல்லாத யாருக்கும் தெரியாது. பத்து நாளா பாக்கவே இல்லனு எழுதிக் குடுத்தீங்களே, எப்ப சொன்னாரு உங்களுக்கு?"

நான் பரணிலிருந்து இறங்கினேன். அவளே மறுபடி பேசினாள்.

"அன்னிக்கி எல்லாரும் குழியப் பாத்தாங்க. நீங்க மட்டும் எங்களப் பாத்துனு இருந்தீங்க. அப்பவே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சி. யார்கிட்ட சொல்றது?"

எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஐயா. காணாமல் போகாத பொருளைத் தேடச் சொல்வது நியாயம் இல்லை. ஐந்து வருஷம் அந்த ஊருக்கு இரவு பகல் பார்க்காமல் தேடிக் கொடுத்திருக்கிறேன். நேராகக் கேட்டிருந்தால் நேராகவே சொல்லியிருப்பேன்.

சரி, எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்குத்தான் மூன்றாம் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், பின்னாலேயே வந்த நீலாவதி உட்பட எல்லோரையும் கிழக்குச் சரிவுக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் பாறைக்குப் போனேன். எட்டிப் பார்த்தேன். சக்கரவர்த்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்திருந்தது, குரல் போயிருந்தது, ஆனால் நல்ல நினைவோடு இருந்தான். என் தலையைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வந்துட்டீங்களா டாக்டரே. உங்களுக்குத்தான் வழில இன்னா ஆச்சோனு பயந்துனு இருந்தேன்."

மூன்று நாளும் என்னைப் பாம்பு கடித்துவிட்டதோ, பாறையில் வழுக்கி விழுந்துவிட்டேனோ என்று கவலைப்பட்டிருக்கிறான். அவனுக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை. அப்படிப்பட்ட மனுஷன் என்பதால்தானே ஊரே தேடியது.

நான் குழி வாயில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது பேர், நூறு பேர், பாஷா பாயின் ஜீப், அரிசி, நடக்க முடியாத மங்கம்மாள் கோலை ஊன்றிக்கொண்டு ஓடை வரை வந்தது, எல்லாம். ஒருவருக்கு உயிரோடு இருக்கும்போதே இதெல்லாம் தெரியவருவது பெரிய பாக்கியம். அவனும் கேட்டுக்கொண்டான். எனக்காகவா என்று இரண்டு தரம் கேட்டான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு கையை மேலே நீட்டினான்.

"கயிறு போடுங்க டாக்டரே."

"நாளைக்கு" என்றேன்.

"நாளைக்கா?"

"நாளைக்கு டி.எஸ்.பி. வரார். எல்லாரும் இருப்பாங்க."

அவன் என்னையே பார்த்தான். கையை நீட்டியபடியே நெடுநேரம் பார்த்தான். நான் அவனுக்குக் காரணத்தை விளக்கினேன், பொறுமையாகத்தான் விளக்கினேன். நாளைக்கு முந்நூறு பேராவது இருப்பார்கள், இன்றைக்கு நான் ஒருவன் தூக்கிவிட்டால் அத்தனை பேர் வந்ததும் வீண் என்றேன். சோறு எதுவும் நான் கொண்டுபோகவில்லை. கொஞ்சம் வாடிப்போய்க் கிடைத்தால்தான் பார்க்கிறவர்களுக்கு மனதில் படும். மெல்லக் கையை இறக்கினான். கத்தவில்லை, திட்டவில்லை. வேறு குரலில் பேசினான்.

"கருப்பன் பரண்ல, எடது மூலைல, கூரைக்குள்ள ஒரு சேல சொருகி வெச்சிருக்கேன். நீலாவதிக்கு எடுத்துக் குடுத்துடுங்க."

நீயே கொடுக்கலாம் என்றேன். அதற்குப் பிறகு அவன் கயிறு கேட்கவே இல்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

உயிரோடு மேலே வந்திருந்தால் அவன் உன்னைக் காட்டிக் கொடுத்திருப்பானே, அப்புறம் எப்படிக் காப்பாற்றுவதாக இருந்தாய் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. அன்றைக்கு நான் அதை யோசிக்கவில்லை என்றே நினைக்கிறேன். திரும்பும்போது வடக்கே மேகம் கட்டியிருந்தது. பார்த்தேன். அந்தப் பாறைவெளியில் பெய்கிற தண்ணீர் எல்லாம் அந்தக் குழிக்குத்தான் வரும் என்பதும் தெரியும், முந்தின வருஷ மழைக்கு நின்று பார்த்திருக்கிறேன். கயிறு என் தோளில்தான் இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கவில்லை. சக்கரவர்த்தி செத்தது என்னால்தான் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் திருத்த வேண்டும். நான் அவனை ஏமாற்றினேன் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொன்னேன், சொன்னபடி வந்தேன். முந்நூறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவன்தான் காத்திருக்கவில்லை.